தொகை இல்லாத பட்டியல்

பேருந்தை விட்டு இறங்கியதும் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தேன். உமர் டீக்கடைக்கு எதிரே, மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் கட்டியிருந்த பிளெக்ஸில், அலுவலக அடையாள அட்டையிலிருந்து எடுத்த என் படம் ஆளுயரத்துக்கு நின்றது. தபால்தலை அளவுப் படத்தை அவ்வளவு பெரிதாக்கினால் என்ன ஆகும்? கன்னம் ஊதி, கண் சொருகி, காணவில்லை விளம்பரத்தில் வருகிறவள் மாதிரி இருந்தேன். கீழே சிவப்பு எழுத்து: "வெள்ளாரம்பதிப் பாலத்தைப் பட்ஜெட்டில் சேர்த்த நம்ம ஊட்டுப் பொண்ணு கற்பகத்துக்கு ஊர் மக்களின் அனுமோதனங்கள்." எங்கள் ஊர்த் தமிழில் பாராட்டுக்கு மலையாளச் சொல்தான். பக்கத்தில் கும்பிட்ட கையோடு வார்டு மெம்பர் மணிகண்டன், என்னைவிடக் கொஞ்சம் பெரிதாக. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சித்தூரிலிருந்து நின்றுகொண்டே வந்த களைப்பு என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். களைப்பில்லை. அந்தப் பாலத்துக்கு அரசு ஒதுக்கியிருக்கும் தொகை நூறு ரூபாய். கோடியும் இல்லை, லட்சமும் இல்லை. வெறும் நூறு ரூபாய். உமர் கடையில் நாலு பேர் டீயும் வடையும் சாப்பிட்டால் மிச்சம் இருக்காது.

திருவனந்தபுரத்தில் அரசு மானியத்தில் ஓடும் ஓர் ஆய்வு மையத்தில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு பிப்ரவரியிலும் மாநில பட்ஜெட் வந்ததும் அந்தத் தடிப் புத்தகங்களைப் பிரித்துப் படித்து, எதில் கூடியது, எதில் குறைந்தது, வாங்கின கடன் எங்கே போகிறது என்று எழுத வேண்டும். நான் எழுதியதில் இதுவரை ஒரு பொய்கூடக் கிடையாது. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் குமட்டுகிற விஷயமே அதுதான். ஒதுக்கீட்டை வெட்டிவிட்டார்கள் என்று எழுத மாட்டோம், மறுசீரமைத்தார்கள் என்போம். காசில்லை என்று எழுத மாட்டோம், கட்டம் கட்டமாக நிறைவேற்றப்படும் என்போம். சேர்ந்த முதல் வருடம் இப்படி ஒரு வாக்கியம் எழுதினால் மத்தியானம் சோறு இறங்காது. இப்போது அந்த மாதிரி வாக்கியம் சரியாக வந்து உட்கார்ந்தால் ஒரு திருப்தி வருகிறது. சீ என்று என்னையே சொல்லிக்கொள்வதும் பழகிவிட்டது.

இந்த நூறு ரூபாய் சமாச்சாரம் வெளியில் பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு எம்.எல்.ஏ.வும் தன் தொகுதிக்கு இருபது வேலை கேட்பார். கொடுக்கப் பணம் இருக்காது. இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லவும் முடியாது. அதனால் பாலம், ரோடு, பள்ளிக்கூடக் கட்டிடம் என்று கேட்டதையெல்லாம் பெயர் பெயராக அச்சடித்து, எதிரே நூறு நூறு ரூபாயாகப் போட்டுவிடுவார்கள். பெயர் புத்தகத்தில் ஏறிவிடும். அதற்குமேல் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. அடுத்த வருடம் அதே பெயர், அதே நூறு.

இந்த வருடம், எங்கள் சித்தூர் மாதிரி மலையாள மாநிலத்துக்குள் தமிழ் பேசும் தாலுகாக்களுக்கென்று பட்ஜெட்டைச் சுருக்கித் தமிழில் ஒரு கையேடு போட்டோம். மையத்தில் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பணி, இடம், தொகை என்று மூன்று கட்டம் போட்டுப் பட்டியல் செய்துகொண்டு போனேன். எங்கள் இயக்குநர் அதைப் பார்த்துவிட்டு, சாதாரண ஜனங்களுக்கு எண்ணைக் கொடுத்தால் குழம்பிப்போவார்கள், கடைசிக் கட்டம் வேண்டாமே என்றார். சரி சார் என்றேன். சாப்பாட்டு நேரமாகியிருந்தது. கட்டத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என் கையாலேயே ஒரு வாக்கியம் சேர்த்தேன்: "வெள்ளாரம்பதிப் பாலம் உள்ளிட்ட பதினான்கு பணிகள் இந்த வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெற்றுள்ளன." பதினான்கில் என் ஊர்ப் பெயரை முதலில் போட்டது நான்தான். அச்சில் பார்த்தபோது ஒரு நொடி சந்தோஷமாகவும் இருந்தது.

பாராட்டுக் கூட்டத்துக்கு வரச்சொல்லி மணிகண்டன் இரண்டு தடவை கூப்பிட்டபோது, வேலை இருக்கிறது என்று கழன்றுகொண்டேன். மூன்றாவதாகக் கூப்பிட்டது பழனிச்சாமி அண்ணன், என் பெரியப்பா மகன். "ஞாயித்துக்கெழம மரத்தைய வெட்டறோம் அம்மணி. நீ வந்தாத்தான் ஆகும்" என்றார். எந்த மரம் என்று கேட்டேன். "பாலத்துக்கு ரோடு வாரதுக்குத்தான். ஆத்தோரத்துத் தென்னய எல்லாம் எடுத்துக் குடுக்கறேன்னு சொல்லிப்போட்டேன்." அன்றைக்கு இரவே ரயிலில் ஏறிவிட்டேன்.

ஆற்றோரத்தில் முப்பத்தெட்டுத் தென்னைகள். எல்லாமே கள்ளுக்கு விட்ட மரங்கள். சித்தூர்ப் பக்கத்தில் தேங்காயை நம்பி யாரும் பிழைப்பதில்லை, கள்ளுக்கடைக்காரர் மாதாமாதம் மரத்துக்கு இவ்வளவென்று கொடுப்பதை நம்பித்தான் குடும்பம் ஓடும். அண்ணனுக்கும் அப்படித்தான். அவர் மகள் ஆர்த்தி சித்தூர் அரசுக் கல்லூரியில் படிப்பதும், அண்ணி மயிலாத்தாளின் முட்டிவலி மருந்தும் அந்த மரங்களிலிருந்து இறங்குகிறவைதான். அந்த மரங்களையே கேட்டு வாங்கும் அளவுக்குப் பாலத்தின் மேல் ஊருக்கு வெறி இருந்தது என்பதிலும் ஆச்சரியமில்லை. நிலம்பதி என்று நாங்கள் சொல்கிற தரைப்பாலம்தான் ஊருக்கும் சித்தூர் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆனி பிறந்தால் அது தண்ணீருக்கடியில் போய்விடும், பிறகு மூன்று மாதம் பத்தொன்பது கிலோமீட்டர் சுற்று. போன வருடம் ஆர்த்தி ஒரு பரீட்சையைக் கோட்டைவிட்டாள். கறந்த பாலைச் சொசைட்டிக்குக் கொண்டுபோக முடியாமல் நாய்க்கு ஊற்றினார்கள். எங்கள் ஊருக்குப் பெண் கொடுக்கிறவர்கள்கூட ஆத்துக்கு அக்கட்டாலயா என்று இழுப்பார்கள்.

அண்ணன் தோப்பில்தான் இருந்தார். மரங்களில் இடுப்புயரத்தில் சிவப்புப் பெயின்டால் எண் போட்டிருந்தது. யார் போட்டது என்று கேட்டேன். மணிகண்டனின் ஆட்கள். மரம் ஒழிந்து நிலம் தயாராக இருக்கிற வேலைக்குத்தான் முதலில் டெண்டர் வரும் என்று அவன் சொன்னானாம். வில்லேஜ் ஆபீஸில் சம்மதப்பத்திரமும் எழுதிக் கொடுத்தாயிற்று, நிலத்துக்குப் பணம் வேண்டாம், சௌஜன்யமாகத் தருகிறேன் என்று. பெருமையாகத்தான் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரோடு எங்கே ஏறும், பாலம் எங்கே தொடங்கும் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். காய்ந்த ஆற்றில் ஒன்றும் இல்லை, நாலு எருமைகளைத் தவிர.

"அண்ணா, மரத்தை வெட்டாதீங்க" என்றேன்.

"ஏனம்மணி?"

"பாலம் வராதுங்ணா."

சிரித்தார். "நீயே எழுதிப்போட்டு, நீயே வராதுங்கறயா?"

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் பீரோவைத் திறந்தார். ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் நடுவிலிருந்து லேமினேட் செய்த ஒரு தாளை எடுத்துக் கையில் கொடுத்தார். என் கையேட்டின் பதினொன்றாம் பக்கம். மணிகண்டன் நகலெடுத்து வீட்டுக்கு ஒன்று கொடுத்திருக்கிறான். கீழே கடைசி வரியில் சின்ன எழுத்தில், தொகுப்பு: ப. கற்பகம். அந்த ஒரு வரிக்காகத்தான் அதற்கு லேமினேஷன்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். நூறு ரூபாய் என்றால் என்ன, ஏன் போடுகிறார்கள், எத்தனை ஊர்களுக்குப் போட்டிருக்கிறார்கள், தொகையை நான் எப்படி எடுத்தேன். அண்ணி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள். அண்ணன் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்:

"நூறு ரூவாயின்னு எவனாச்சும் பொஸ்தகத்துல அச்சடிப்பானா அம்மணி? கவர்மெண்டு என்ன மொய்யா எழுதுது? மொய்யின்னாக்கூட நூத்தியொண்ணு வெப்பாங்களே."

"நெசமாவே நூறுதானுங்ணா."

"கவர்மெண்டுக் கணக்கெல்லாம் லட்சத்துலதான் போடுவாங்க. நூறுன்னா நூறு லட்சம், ஒரு கோடி."

பெரிய புத்தகத்தில் மற்ற அட்டவணைகளெல்லாம் லட்சத்தில்தான் இருக்கும். இந்த ஒரு பின்னிணைப்புதான் ரூபாயில். செல்போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, மேலே மூலையில் இருந்த சொல்லைப் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். மலையாளம் அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். "போன்ல என்ன வேணாலும் வரும். இது அச்சு. உன்ற பேரு போட்டிருக்குது" என்று லேமினேட் தாளை வாங்கி உள்ளே வைத்தார். அண்ணி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சோறு போட்டாள். முழுக்கச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் உமர் கடைக்குப் போனேன், மணிகண்டன் அங்கேதான் உட்கார்ந்திருப்பான். உமர் டீ கொடுத்துவிட்டு, காசை நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "பாலம் கொண்டாந்தவங்ககிட்டப் போயிக் காசு வாங்கறதுங்களா?" என்றார். அந்த டீயை எப்படி விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். மணிகண்டன் எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். என்னைவிடப் பத்து வயது சின்னவன், ஆனால் மூன்றாவது தடவை மெம்பர். கடையில் கூட்டம் குறையும்வரை காத்திருந்து, அது நூறு ரூபாய்தான், லட்சம் இல்லை என்றேன்.

"தெரியுமுங்களே" என்றான்.

"தெரிஞ்சேதான் மரத்தை வெட்டச் சொன்னீங்களா?"

"நெலம் காலியா இருக்கறத போட்டோ எடுத்துட்டுப் போயி நின்னா அடுத்த வருசம் நூறு மேல ஏறலாமுங்க. ஏறாமயும் போலாம். முயற்சி பண்ணோணுமல்லங்க?" குரலில் ஒரு கள்ளமும் இல்லை. தேர்தல் பற்றிய பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகவே சொன்னான்: "பட்ஜெட்டப் பத்தி நீங்க எழுதாததைய நான் ஒரு வார்த்த கூடச் சொல்லியிருக்கறனுங்களா அக்கா? நீங்க சொல்லுங்க. எடம்பெற்றுள்ளதுன்னு எழுதுனீங்க. எடம்பெற்றுள்ளதுன்னு சொன்னேன்."

அவனை அறையலாம் போலிருந்தது. அறைந்திருந்தால் என்னையும் சேர்த்துத்தான் அறைந்திருக்க வேண்டும். அவன் என் தொழிலை என்னைவிட நன்றாகச் செய்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

"நாளைக்கு மைக்கு உங்க கையிலதானுங்க இருக்கும். நூறுன்னு சொல்லுங்க. நான் தடுக்க மாட்டேன். அப்பறம் அது பேப்பர்ல வரும், உங்க ஆபீசுலயும் பாப்பாங்க. அதைய மட்டும் யோசிச்சுக்குங்க" என்றான்.

எங்கள் மையத்தில் எல்லாமே ஒப்பந்த வேலை. மார்ச் முப்பத்தொன்றில் முடியும், ஏப்ரலில் புதுப்பிப்பார்கள். மையத்தின் வெளியீடுகளைப் பற்றி ஊழியர்கள் வெளியில் கருத்துச் சொல்லக்கூடாது என்று அந்தத் தாளில் ஒரு விதி இருக்கிறது. பதினேழு வருடமாக அதன் கீழே கையெழுத்துப் போட்டு வருகிறேன். நாற்பத்துமூன்று வயதில், பட்ஜெட் வாக்கியம் எழுதுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத ஒருத்தியை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? இந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டு, பதிலை வசதியாகக் கேட்காமல் படுத்துத் தூங்கினேன். தூக்கம் வந்தது என்பதுதான் கேவலம்.

காலையில் தோப்புக்குள் பந்தல் போட்டிருந்தார்கள். நூறு பேர் இருக்கும். ஒலிபெருக்கி, பிளாஸ்டிக் நாற்காலிகள், தட்டு நிறைய லட்டு. மர வெட்டுக்கு மெஷின் ரம்பத்தோடு கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒருவர் வந்து, முதல் மரத்தடியில் குந்தி உட்கார்ந்து செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பளபளவென்று ஒரு சால்வையை எனக்குப் போர்த்தினார்கள். வெயிலில் அது கழுத்தில் ஒட்டி அரித்தது. மணிகண்டன் பேசி முடித்து மைக்கை என் கையில் கொடுத்தான். முன்வரிசையில் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னையே பார்த்தார்.

நூறு என்ற சொல் வாயில்தான் இருந்தது. ஆனால் வெளியே வந்தது இது: "ஒரு பாலம் என்பது பல கட்டங்களைத் தாண்டி வர வேண்டியது. நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி என்று எத்தனையோ இருக்கிறது. நாம் அவசரப்படாமல், பொறுமையாக, படிப்படியாக அணுக வேண்டும்." இன்னும் இரண்டு நிமிடம் இதேபோல் பேசினேன். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. படித்த பெண் பேசினால் இப்படித்தான் இருக்கும் என்று பலமாகக் கைதட்டினார்கள். மைக்கைக் கீழே வைத்தபோது என் வாயே நாறுகிற மாதிரி இருந்தது.

கைதட்டாதவர் அண்ணன் ஒருவர்தான். எழுந்து வந்து என் முன்னால் நின்றார்.

"நேத்து ஊட்டுல ஒண்ணு சொன்னே. இங்க ஒண்ணு சொல்றே" என்றார். "ரவ்வெல்லாம் ஒறக்கமில்ல அம்மணி. உன்ற அண்ணி சொல்றா, கற்பகம் பொய் சொல்ற புள்ள இல்லைன்னு. எனக்கும் அப்படித்தான் தோணுது."

சட்டைப் பையிலிருந்து ஆர்த்தியின் நோட்டில் கிழித்த ஒரு தாளையும் பேனாவையும் எடுத்தார். ரம்பக்காரரைப் பார்த்துச் சற்றுப் பொறுக்கும்படி கையைக் காட்டினார்.

"நேத்துச் சொன்னதைய இதுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. இந்தப் பாலத்துக்கு நூறு ரூவாதான்னு எழுதோணும். எழுதிக் குடுத்தீன்னா இப்பவே வெட்ட வேண்டாம்னு சொல்லீர்றேன். எவன் என்ன சொன்னாலும் செரி, இந்த ஊரே எம்மூஞ்சில துப்புனாலும் செரி. எனக்கு எழுத்து இருந்தாப் போதும்."

மணிகண்டன் செல்போனை நெஞ்சுயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். அண்ணி பந்தக்காலைப் பிடித்தபடி நின்றாள். நான் மேஜையில் தாளை வைத்து எழுதினேன். வேகமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல், முற்றுப்புள்ளி வைத்துக் கையெழுத்தும் போட்ட பிறகுதான் என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்த்தேன். "வெள்ளாரம்பதிப் பாலப் பணிக்கு வரும் நிதியாண்டில் அடையாள ஒதுக்கீடு மட்டுமே செய்யப்பட்டுள்ளது." அலுவலகத்தில் அந்த நூறு ரூபாய்க்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அது. ஒரு பொய் இல்லை. எந்த இயக்குநரும் என்னை ஒரு வார்த்தை கேட்க முடியாது.

அண்ணன் தாளை வாங்கி, விரலை வைத்து வாசித்தார். முதலிலிருந்து இன்னொரு தடவை வாசித்தார்.

"நூறுங்கற எழுத்து இதுல இல்லையே அம்மணி."

"குடுங்கண்ணா, எழுதறேன்" என்று கையை நீட்டினேன். அவர் அதற்குள் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். முகத்தில் கோபமே இல்லை. பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது அந்த முகம்.

"வேண்டாம். நெசமா இருந்திருந்தா மொதல்லயே எழுதியிருப்பே" என்றார். திரும்பி ரம்பக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

இல்லை என்று கத்தினேன். நூறுதான், நூறு ரூபாய்தான் என்று கத்தினேன். ரம்பம் உயிர்பிடித்துவிட்டது. எனக்கே என் குரல் கேட்கவில்லை. முன்வரிசையில் ஒரு கிழவர் நான் ஏதோ கோஷம் போடுகிறேன் என்று நினைத்து அவரும் கையைத் தூக்கினார். மரம் கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகாத மாதிரி நின்றது. பிறகு ஆற்றுப் பக்கமாகச் சாய்ந்தது. காலையில் கள்ளிறக்குகிறவர் அவிழ்க்க மறந்துபோன கலயம் ஒன்று உச்சியிலிருந்து தெறித்து, பந்தலுக்கு முன்னால் விழுந்து உடைந்தது. வெள்ளையாக நுரைத்துக்கொண்டு கள் மண்ணில் ஓடியது. புளித்த வாடை குப்பென்று எழுந்தது. ஜனங்கள் சிரித்துக்கொண்டே செருப்பைத் தூக்கிப் பிடித்துப் பின்னால் நகர்ந்தார்கள். யாரோ லட்டுத் தட்டை என் பக்கம் நீட்டினார்கள்.

அண்ணி மட்டும் முன்னால் வந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, யார் காலிலும் குத்திவிடக் கூடாதென்று, கலயத்தின் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள். ரம்பம் இரண்டாவது மரத்தில் இறங்கியிருந்தது.